‘அவிதுஸ்’ அட்டை: கறுப்பு மை ஏறிவிட்டது

லத்தீன் ‘அவிதுஸ்’ குடும்பத்துக்கு நான் போட்ட சொற்பிறப்புக் குறிப்பு அட்டையில், வாய்வழி வந்த சொற்களுக்காக மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்த கட்டம் ஒருவழியாக நிரம்பிவிட்டது. பெருமையாகவே இருக்கிறது.

பேராவல், பேராசை இரண்டையும் குறிக்கும் இச்சொல்லின் வாரிசுகளை அடுக்குவது எளிது: ஸ்பானிய, இத்தாலிய ஆவிதோ, பிரெஞ்சு அவீத், ருமேனிய அவித், பிரெஞ்சிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் எடுத்துக்கொண்ட ஆவிட். எல்லாமே நீல மை. படித்தவர்கள் ஏட்டிலிருந்து எடுத்தவை. வாய்வழி வந்தவற்றுக்கான கறுப்பு மையில் ஒன்றுகூட இல்லை. சிறிய அகராதிகள் ‘லத்தீனிலிருந்து’ என்று எழுதி முடித்துவிடுகின்றன. எந்த வழியில் வந்தது என்பதுதானே கேள்வி!

ஆகவே ஒலியைத்தான் நம்ப வேண்டும். ‘-இதுஸ்’ ஈற்றுச் சொற்கள் மக்கள் வாயில் புழங்கினால் பெரும்பாலும் நடு இகரம் தேய்ந்துவிடும். சூட்டைக் குறிக்கும் ‘காலிதுஸ்’ இத்தாலியத்தில் கால்தோ, பிரெஞ்சில் ஷோ. குளிரைக் குறிக்கும் ‘ஃப்ரிகிதுஸ்’ ஃப்ரெத்தோ, ஃப்ருவா. வேகத்தைக் குறிக்கும் ‘ராபிதுஸ்’ ஸ்பானியத்துக்கு இருமுறை வந்திருக்கிறது: தேய்ந்த ரவுதோ, தேயாத ராபிதோ. ருமேனியம்தான் முரண்டு பிடிக்கிறது. அதே ‘ராபிதுஸ்’ அங்கே ரேபெதே. வாய்வழி வந்தும் நடு உயிர் எகரமாக நின்றுவிட்டது. அந்த எகரம் ‘அவித்’தில் இல்லை, அதனால் அதற்கும் நீல மைதான்.

விடை லத்தீனுக்குள்ளேயே இருந்தது. அவிதுஸிலிருந்து பிறந்த வினை ‘அவுதேரே’. முதலில் விரும்புதல், பிறகு துணிதல். இகரம் லத்தீனிலேயே விழுந்துவிட்டதால் உறவு கண்ணில் படுவதில்லை. அதன் ‘அவுசுஸ்’ என்ற எச்சத்திலிருந்து பேச்சு லத்தீனில் ‘அவுசாரே’ கிளம்பி, பிரெஞ்சு ஓஸே, ஸ்பானிய ஓசார், இத்தாலிய ஓசாரே என்று பரவியது. எல்லாம் ‘துணிதல்’ என்ற பொருளில். மூன்றும் சுத்தமான கறுப்பு மை! ஆசை ஏட்டில் தங்க, துணிவு வாய்வழி நடந்திருக்கிறது.

பிரெஞ்சுக்கு நான்சி நகர ஆய்வுக்கூடம் இணையத்தில் இலவசமாகத் தரும் பேரகராதியை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கான பதிவின் கடைசியிலும் உள்ள வரலாற்றுப் பகுதி தங்கம்.

போர்த்துகீசியமும் கத்தலானும் இன்னும் அட்டையில் ஏறவில்லை. அதற்குள் ஆசை கொண்டவரைக் குறிக்கும் ‘குபிதுஸ்’ இழுக்கிறது. அதன் குடும்பத்தில் ஸ்பானிய கொதீசியா கறுப்பு மைக்கு உரியது. பிரெஞ்சு கொன்வுவாதீஸில் ‘ன்’ என்ற எழுத்து எப்படி நுழைந்தது என்பதைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறேன்.