ரெசல்யூஷனில் கை வைக்காதீர்கள்

புதிதாகப் பெரிய மானிட்டர் வாங்கியவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: எழுத்து பொடியாகத் தெரிகிறது என்பதற்காக ரெசல்யூஷனை, அதாவது திரை காட்டும் ஒளிப்புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைத்துவிடாதீர்கள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் திருமண அழைப்பிதழ்களுக்குத் தட்டச்சு, பக்க வடிவமைப்பு, மெய்ப்பு மூன்றையும் நானே பார்க்கிறேன். கொலுசுப் பட்டறைக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் பங்காளிகள், மாமன்மார் என்று ஒரு பக்கம் முழுக்கப் பெயர்களாகவே இருக்கும். ‘கண்ணன்’ என்ற பெயரைப் பாருங்கள். மூன்று சுழி, இரண்டு சுழி, மேலே இரண்டு புள்ளிகள். திரை மங்கினால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். சுழியை எண்ணவே முடியாது. அச்சாகிவிட்டால் அந்தப் பிழை அந்த வீட்டில் பல்லாண்டு இருக்கும். அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

என் லேப்டாப் 15.6 அங்குலம், 1920×1080. அங்குலத்துக்கு ஏறக்குறைய 141 பிக்சல் (ஒளிப்புள்ளி). மானிட்டர் 27 அங்குல 4கே, 3840×2160, அங்குலத்துக்கு 163. பிக்சல்கள் நெருங்கியிருப்பதால் எழுத்து சுருங்குகிறது. பொருத்த வந்த தம்பி, “2560×1440 வைத்துவிடலாம் அக்கா, எழுத்து பெரிதாகிவிடும்” என்றார். பெரிதாகும், உண்மைதான். ஆனால் கணினி அனுப்பும் ஒரு பிக்சலை மானிட்டர் தன்னுடைய ஒன்றரைப் பிக்சலில் பரப்ப வேண்டியிருக்கும். அரைப் பிக்சல் என்று ஒன்று கிடையாதே! பக்கத்து நிறத்தோடு கலந்துதான் காட்டும். எழுத்தின் ஓரமெல்லாம் கலங்கிவிடும். ரெசல்யூஷனை 3840×2160 ஆகவே விட்டு, எழுத்தையும் ஐகான்களையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலை 150% ஆக்கினாலும் அதே அளவு எழுத்துதான் கிடைக்கிறது. ஆனால் சுழிகள் கூர்மையாக நிற்கின்றன.

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போங்கள். மேலே தெரியும் 1, 2 பெட்டிகளில் எந்தத் திரை என்பதை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்கேல் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி. லேப்டாப்புக்கு 125%, மானிட்டருக்கு 150% வைத்திருக்கிறேன். 141-ஐ 1.25-ஆலும் 163-ஐ 1.5-ஆலும் வகுத்தால் 113, 109 என்று அருகருகே வருகின்றன. ஒரு பக்கத்தை இந்தத் திரையிலிருந்து அந்தத் திரைக்கு நகர்த்தினாலும் எழுத்தின் அளவு அவ்வளவாக மாறுவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் மங்கலாகத் தெரியலாம். திரைக்குத் திரை ஸ்கேல் மாறுவது 2013-இல் வெளியான விண்டோஸ் 8.1-இல்தான் வந்தது; அதற்கு முன்பு எழுதப்பட்டவற்றுக்கு அது தெரியாது. விண்டோஸ் அவற்றை ஒரு படத்தைப் போல இழுத்துப் பெரிதாக்குகிறது. மென்பொருளின் ஐகானில் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டிக்குள் உள்ள ஹை டிபிஐ அமைப்பில் ‘சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பலவற்றில் எழுத்து தெளிந்துவிடும், படங்கள் மட்டும் பழையபடியே இருக்கும். அதுவும் பலிக்காவிட்டால், மெய்ப்புப் பார்க்கும் மானிட்டரையே முதன்மைத் திரையாக்கி, விண்டோஸிலிருந்து சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். பழைய மென்பொருள்களில் பல, அப்போது முதன்மைத் திரைக்கு இருக்கும் ஸ்கேலைத்தான் எடுத்துக்கொள்கின்றன.