எந்த மையர்?

ஜெர்மனியின் ஹனோவரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஒரே வாடிக்கையாளர் இரண்டு மூன்று இடத்தில் பதிவாகியிருப்பார். அதைக் கண்டுபிடித்து ஒன்றாக்குவது என் பொறுப்பு. இதற்குக் கொலோன் ஒலிமுறை என்று ஒன்று உண்டு. ஹான்ஸ் யோவாகிம் போஸ்டல் 1969இல் வெளியிட்டது. பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, காதில் எப்படி விழுகிறது என்பதை எண்ணாக மாற்றும். மையர் என்ற பெயருக்கு அது தரும் எண் 67.

அந்த மையரில்தான் மாட்டிக்கொண்டேன். நடுவில் இ-ஐ, இ-ஒய், ஏ-ஐ, ஏ-ஒய் என நான்கு விதமாக எழுதுவார்கள். தெற்கு பவேரியா, ஆஸ்திரியாவின் டிரோல் பக்கம் போனால் கடைசி இ-யும் உதிர்ந்துவிடும். ஐந்துக்கும் எண் 67தான். சுப்பிரமணியன் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் பத்து விதமாக எழுதும் ஊரிலிருந்து போனவன் நான். எல்லாம் ஒரே பெயர், எழுதியவர் கை மாறியிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் முதற்பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போன இரண்டு மையர்களை ஒன்றாக்கினேன். ஒருவர் இ-ஒய், இன்னொருவர் ஏ-ஐ. ஒருவருடைய விபத்துக் கோரிக்கைக் கடிதம் மற்றவர் வீட்டுக்குப் போய்விட்டது. தொலைபேசியில் வந்த பெரியவர் கோபப்படவில்லை. "அன்டோன், இடா" என்று ஏ-யையும் ஐ-யையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஜெர்மானியர்கள் எழுத்துக்கூட்டிச் சொல்லும் பழைய முறை அது. 2022இல் ஆஹன், இங்கல்ஹைம் என ஊர்ப்பெயர்களுக்கு மாற்றிவிட்டார்கள்; வயதானவர்கள் நாக்கில் இன்னும் அன்டோன்தான்.

எங்கள் பிரிவில் மூத்தவர் ஒரு பெண்மணி. அவரும் மையர்தான், இ-ஒய். அன்று மதியம் என்னை உட்காரவைத்துப் பேசினார். அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பிறகு நானே நிறையத் தேடிப் படித்தேன்.

லத்தீனில் மாயோர் என்றால் பெரியவர். இடைக்காலத்தில் நிலப்பிரபுவின் பண்ணையைக் கவனித்து, குடியானவர்களை வேலை வாங்கி, வரியைத் தானியமாக வசூலித்தவரை அப்படி அழைத்தார்கள். நம் ஊரில் பண்ணைக் காரியஸ்தர் என்போமே, அவர். நாம் சொல்லும் மாநகராட்சி மேயரும் ராணுவ மேஜரும் இதே வேரிலிருந்து வந்தவர்கள்தான். காலப்போக்கில் பிரபுக்கள் பண்ணைகளைக் குத்தகைக்கு விட்டார்கள். வடக்கே கீழ் சாக்சனியில் மையர் என்றாலே குத்தகை விவசாயி என்று பொருள் மாறியது. எத்தனையோ ஊர்களில் ஒரு மையர் பண்ணை. அந்தந்த ஊரில் அந்தப் பெயரோடு ஒரு குடும்பம். ஒன்றுக்கொன்று இரத்த உறவே இல்லை.

ஜெர்மனியின் வடமேற்கே வெஸ்ட்ஃபாலியாவில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே பெயர் ஆளுக்கல்ல, பண்ணைக்கு. பண்ணை வாரிசுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர், தன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வார். மையர்கள் பெருகியதும் அடையாளத்துக்கு முன்னால் ஒரு சொல் சேர்ந்தது. புதுப் பண்ணைக்காரர் நீமையர், கிழக்கே இருப்பவர் ஓஸ்டர்மையர். 2017 முதல் ஜெர்மன் குடியரசுத் தலைவராக இருக்கும் ஸ்டைன்மையர், அந்தப் பக்கத்து டெட்மோல்டில் பிறந்தவர். ஸ்டைன் என்றால் கல். பிரேசிலியா நகரின் கட்டடங்களை வடிவமைத்த ஆஸ்கர் நீமையர் வழியாக அந்தப் பெயர் கடல் தாண்டியும் நிற்கிறது.

யூதர்களில் மையர் என்பது பெரும்பாலும் வேறு கதை. ஒளி தருபவர் என்று பொருள்படும் மேயிர் என்ற எபிரேயப் பெயர் ஜெர்மன் உடை போட்டுக்கொண்டது. ஒலி ஒன்று, பிறப்பு வேறு.

சரி, எழுத்து ஏன் மாறியது? நெடுங்காலம் பெயரை ஏட்டில் எழுதியவர் ஊர்ப் பாதிரியார். அவர் தன் வட்டார வழக்கப்படி எழுதினார். 1876இல் ஜெர்மனி முழுக்க அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்தபோது, அன்றைக்கு இருந்த எழுத்து அப்படியே உறைந்துபோனது. அதனால்தான் வடக்கே இ-ஒய்யும் தென்மேற்கே ஏ-ஐயும் அதிகம். பள்ளியில் தனிம வரிசைப் பாடத்தில் வந்த லோதர் மேயர், வடகடல் ஓரத்து ஃபாரெல்காரர், இ-ஒய். வாயுக்களின் வெப்ப ஏற்புத்திறன் பாடத்தில் வந்த ராபர்ட் மேயர், தெற்கே ஹைல்புரோன்காரர், ஏ-ஒய். தமிழில் படித்தபோது இருவரும் எனக்கு ஒரே மேயர். கருவி செய்ததையேதான் நானும் அப்போதே செய்திருக்கிறேன்.

அதன்பிறகு விதியை மாற்றினோம். எண் ஒத்து எழுத்து வேறுபட்டால் கருவி தானாக இணைக்காது. ஒருவர் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நான் சேர்த்த அந்த இரண்டு பதிவுகளையும் பிரித்து, இருவருக்கும் மன்னிப்புக் கடிதம் தயாரித்தேன். தபாலுக்குக் கொடுக்கும் முன் உறையிலிருந்த பெயர்களை எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்தேன். அன்டோன், இடா. எமில், இப்ஸிலோன்.