பார்த்துச் சொல் தம்பி

திருவாரூருக்குப் போனால் சாயரட்சை என்னும் மாலைப் பூசைக்குப் போக வேண்டும் என்பார் தாத்தா. அந்த வேளையில் தேவர்களே வந்து அங்குள்ள சிவனான தியாகராஜரைத் தொழுகிறார்கள் என்பது ஊர் நம்பிக்கை. கண் அழுத்த நோயில் பார்வை ஏறக்குறையப் போய்விட்ட பிறகு, "தேவர்கள் உன் கண்ணுக்கும் தெரிய மாட்டார்கள் தம்பி. அதில் நாம் இருவரும் ஒன்றுதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

போன ஆவணியில் அவரை அழைத்துப் போனேன். மேலக் கோபுரத்துக்கு எதிரே கமலாலயக் குளக்கரையில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் என் கையை உதறிவிட்டுச் சுவரைத் தடவியபடி நடந்தார். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று பழைய நில அளவில் ஒரு சொல்வழக்கே உண்டு. அந்தக் குளத்தைத் தோண்டிப் பெரிதாக்கிய நாயன்மார் தண்டியடிகள் பார்வையற்றவர். குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவித் தடவியே மண்ணைச் சுமந்து கொட்டினார். கடைசியில் அவருக்குக் கண் கிடைத்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. தாத்தாவுக்கு அந்த முடிவில் அவ்வளவு ஈடுபாடில்லை. கயிறு நனைந்து தொய்ந்தால் என்ன செய்திருப்பார், கூடை மண்ணை ஒரு கையால் எப்படிப் பிடித்திருப்பார், கரை சரியாமல் எங்கே கொட்டியிருப்பார் என்றே கேட்டுக்கொண்டு வந்தார். வாய்க்கால் தூர் வாரியே வயதான மனிதர் வேறு எதைக் கேட்பார்!

தேவாசிரிய மண்டபத்தில் என்னை நிறுத்தி, விதானத்தில் என்ன இருக்கிறது என்றார். நிறைய ஓவியங்கள் இருக்கின்றன என்றேன்.

"அது எனக்கும் தெரியும். பார்த்துச் சொல்."

கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை வரிசை வரிசையாக ஓடுகிறது. ஊர்வலம், வாணவேடிக்கை, கூப்பிய கைகள். நடுவே கிரீடம் வைத்த குரங்கு முகம். முற்பிறவியில் குரங்காக இருந்து, அறியாமல் சிவன்மேல் வில்வம் உதிர்த்ததால் அரசனாகப் பிறந்தவன். பழையதை மறக்கக் கூடாது என்று முகத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டவன்.

"வெட்கப்படுகிறானா?"

மறுபடி பார்த்தேன். இல்லை, நிமிர்ந்துதான் நிற்கிறான். தாத்தா தலையசைத்துவிட்டு அடுத்தது என்ன என்றார். தனியாக வந்திருந்தால் கைபேசியில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பேன்.

சாயரட்சை தொடங்கியது. பஞ்சமுக வாத்தியம் என்ற தாளக் கருவிக்கு ஐந்து முகம், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஒலி. வாத்தியத்தில் அடிக்கும் முகம் மாறும்போதெல்லாம் தாத்தா என் முழங்கையை விரலால் தட்டினார். எனக்குப் பாதி புரிந்தது. தியாகராஜரின் முகம் மட்டும்தான் நமக்குத் தெரியும். பாதம் காண மார்கழித் திருவாதிரையோ பங்குனி உத்திரமோ வர வேண்டும்.

தீபாராதனையின்போது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள, தாத்தா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு முணுமுணுத்தார். வேண்டுதல் இல்லை, வழக்கு. மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் கண்ணிழந்த சுந்தரர், காஞ்சியில் ஒரு கண்ணைப் பெற்று, மற்றொன்றுக்காக இந்தக் கோயிலில்தான் "வாழ்ந்து போதீரே" என்று இறைவனையே கடிந்து பாடினார். நட்பு முறையில் திட்டுவதற்கு இந்த ஊரில் முன்னுதாரணம் இருக்கிறது என்பது தாத்தாவின் கட்சி. பயந்து கும்பிடுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. என்னையும் சேர்த்துத்தான்.

வெளியே வந்ததும், என்ன சொன்னார் தியாகராஜர் என்று கேட்டேன்.

"வாய் திறக்கவில்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்கிறேன். சொட்டு மருந்துக்கு நேரமாகிறது, எடு."

கோபுர வாசலிலேயே தலையை அண்ணாந்து நின்றார். முதல் சொட்டு குறி தவறிக் கன்னத்தில் வழிந்தது.

"மருந்து என்ன விலை தெரியுமா? மெதுவாக விடு."