மானிட்டர் உயரம் கடைசி வேலை: என் கம்ப்யூட்டர் மேசையைச் சரிசெய்த அனுபவம்

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும். மேசையை எப்படி அமைப்பது என்று யாரைக் கேட்டாலும் முதலில் வருவது இந்த ஒரு வரிதான். தப்பில்லை. ஆனால் கண் மட்டம் எங்கே என்பதை நாற்காலி தீர்மானிக்கிறது. நாற்காலி எவ்வளவு உயரம் என்பதை முழங்கை தீர்மானிக்கிறது. முழங்கை எங்கே வர வேண்டும் என்பதை மேசை தீர்மானிக்கிறது. இதில் கூட்டவோ குறைக்கவோ முடியாதது என் மேசை ஒன்றுதான். அதனால் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு அங்கிருந்தே தொடங்கினேன்.

மேசை 75 செ.மீ. உயரம், கால்கள் இரும்புக் குழாய். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் படியும்படி உட்கார்ந்தால் என் நாற்காலியின் இருக்கை 43 செ.மீ.யில் நிற்கிறது. தோளைத் தளர்த்தி, கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மட்டும் மடக்கினால் அது தரையிலிருந்து 66 செ.மீ. கீபோர்டின் தடிமன் 2 செ.மீ. ஆக, விரல்கள் வேலை செய்யும் இடம் 77 செ.மீ.யில், முழங்கை 66இல். நடுவில் 11 செ.மீ. இடைவெளி. தட்டச்சு செய்யும்போது அந்த இடைவெளியை யார் நிரப்புகிறார்கள்? தோள்பட்டைதான். நாள் முழுக்க லேசாகத் தூக்கியபடியே இருந்தால் சாயங்காலம் இறுகாமல் என்ன செய்யும்?

மேசைக் காலை அறுத்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது உண்மை. அப்பாவும் அதே மேசையில்தான் உட்காருகிறார், அவர் என்னைவிட நல்ல உயரம். அதனால் மேசையை விட்டுவிட்டு நாற்காலியை 10 செ.மீ. ஏற்றி 53இல் நிறுத்தினேன். முழங்கை கீபோர்டு மட்டத்துக்கு வந்துவிட்டது. ஆனால் கால் அந்தரத்தில். இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்த, கொஞ்ச நேரத்திலேயே கால் மரத்துப்போகிறது.

கால்பலகை செய்ய வேண்டியதாயிற்று. மீந்துகிடந்த 18 மி.மீ. ப்ளைவுட்டில் 45-க்கு 32 செ.மீ. அளவில் ஒரு துண்டு. என் பக்கம் 9 செ.மீ., எதிர்ப்பக்கம் 13 செ.மீ. உயரம் வருகிற மாதிரி இரண்டு பக்கத்துக்கும் சாய்வாக அறுத்த தாங்கிகள். இந்தச் சாய்வு அழகுக்கு அல்ல. தட்டையான பலகையில் கணுக்கால் ஒரே நிலையில் நின்றுவிடுகிறது. சாய்வில் பாதம் தானாக மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருக்கும். அடியில் ரப்பர் பட்டை ஒட்டுவதை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம். ரப்பர் இல்லாமல் காலை ஊன்றினால் பலகை வழுவழுவென்று சுவரை நோக்கிக் கிளம்பிவிடுகிறது.

இப்போதுதான் திரைக்கு வந்தேன். கண் உயரத்தை அளப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டேப்பைப் பார்த்ததும் முதுகு தானாக விறைத்துக்கொள்கிறது. அப்படி எடுத்தால் என் கண் மேசையிலிருந்து 53 செ.மீ. வந்தது. வேலையில் மூழ்கியிருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்துச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடும்படி தம்பியிடம் சொல்லி வைத்திருந்தேன். அவன் போட்ட கோடு 49.5 செ.மீ. தளர்ந்து உட்காரும்போது மூன்று நான்கு செ.மீ. இறங்குவது யாருக்கும் இயல்புதான். ஒரு நாளில் பெரும்பகுதி எப்படி உட்காருகிறோமோ அதற்குத்தான் திரையை வைக்க வேண்டும் என்பது என் கட்சி. அதனால் 49.5-ஐயே எடுத்துக்கொண்டேன்.

என்னுடையது 27 அங்குல மானிட்டர். கூடவே வந்த ஸ்டாண்டில் அதன் மேல் விளிம்பு மேசையிலிருந்து 45 செ.மீ. நாற்காலி பழைய உயரத்தில் இருந்தபோது இதே மானிட்டர் என் கண்ணுக்கு 5 செ.மீ.க்கும் மேல் உயரமாக இருந்திருக்கிறது. நாற்காலியை ஏற்றியதும் அதே மானிட்டர் 4.5 செ.மீ. தாழ்வு. மானிட்டரை யாரும் தொடவே இல்லை! நாற்காலியைக் கவனிக்காமல் முதலில் திரையைச் சரிசெய்திருந்தால் அதைக் கீழே இறக்கியிருப்பேன். தேவைப்பட்டதோ மேலே ஏற்றுவது.

ஏற்றிப் பார்க்க ஏ4 காகிதக் கட்டு அருமையான கருவி. 80 ஜி.எஸ்.எம். தாள் 500 கொண்ட கட்டு ஏறத்தாழ 5 செ.மீ. இருக்கும், அதாவது நூறு தாளுக்கு ஒரு செ.மீ. ஸ்டாண்டின் அடியில் காகிதக் கட்டை வைத்து, தாளை உருவியும் செருகியும் பார்த்தேன். முழுக் கட்டு வைத்தபோது மெனு வரிசையைப் படிக்க மோவாய் லேசாக மேலே போனது. நூறு தாளை உருவியதும் தலை அசையாமல் நின்றது. 4 செ.மீ. போதும். கண் மட்டத்துக்குத் துளி கீழே.

சந்தேகம் வந்தால் கீழ்ப்பக்கம் சாய்வதே நல்லது என்று நினைக்கிறேன். கண் இயல்பாகவே சற்றுத் தாழ்ந்து பார்க்கப் பழகியது. மேல் நோக்கிப் பார்க்கும்போது இமை அதிகம் விரிகிறது, விழியின் ஈரம் சீக்கிரம் உலர்கிறது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைவு, அதோடு இதுவும் சேர்ந்தால் எரிச்சல்தான். 27 அங்குலத் திரை ஏறத்தாழ 34 செ.மீ. உயரம். மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருந்து, திரை 65 செ.மீ. தள்ளி இருந்தால் அதன் நடுப்பகுதி கண்ணுக்குச் சுமார் 15 டிகிரி கீழே வரும். பொதுவாகப் பரிந்துரைக்கும் 15 முதல் 20 டிகிரி வரம்புக்குள் அது அடங்கிவிடுகிறது. திரை இன்னும் பெரிதாக இருந்தால் அடி விளிம்பு ரொம்பக் கீழே போகும், அப்போது கொஞ்சம் தள்ளி வைத்துப் பின்பக்கம் சாய்க்க வேண்டியிருக்கும்.

தூரத்துக்குக் கையை நீட்டிப் பார்த்தேன், விரல்நுனி திரையைத் தொட்டது, சரி. இருந்தும் ஒரு மணி நேரம் போனால் முகம் திரையை நோக்கி நகர்ந்திருக்கும். காரணம் நாற்காலியும் இல்லை, மேசையும் இல்லை. எழுத்து சின்னது! சிஸ்டம் செட்டிங்ஸில் அளவை 125 சதவீதமாக்கியதும் முதுகு தானாகப் பின்னால் போய்ச் சாய்ந்தது. காசே செலவில்லாத மாற்றம், பலன் என்னவோ இதில்தான் அதிகம்.

பிறகு அப்பா உட்கார்ந்தார். அவருக்கு வெள்ளெழுத்து, தூரம் கிட்டம் இரண்டுக்குமான புரோகிரசிவ் கண்ணாடி. கிட்டப் பார்க்கும் பவர் அந்தக் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் இருப்பதால், எனக்குச் சரியான திரையை அவர் மோவாயைத் தூக்கித் தூக்கிப் படித்தார். இந்த மாதிரிக் கண்ணாடி போட்டவர்களுக்குக் கண் மட்டக் கணக்கு பொருந்தாது. திரை நன்றாகத் தாழ்ந்து, பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒரே மேசையில் இரண்டு பேருக்கு இரண்டு உயரம் என்றால் அடியில் வைக்கும் காகிதக் கட்டும் மரத்தட்டும் ஒத்துவராது. மேசை விளிம்பில் மாட்டி, திரையை ஏற்றி இறக்க உதவும் மானிட்டர் ஆர்ம் வாங்கினேன்.

மானிட்டரின் பின்னால் 100-க்கு 100 மி.மீ. சதுரத்தில் நான்கு துளைகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்ம் எத்தனை கிலோ முதல் எத்தனை கிலோ வரை தாங்கும் என்பதையும் பாருங்கள். ஸ்டாண்டைக் கழற்றிய பிறகு உள்ள எடைதான் கணக்கு. திரை ரொம்ப லேசாக இருந்தாலும் வம்புதான், ஆர்ம் அதை மேலே தூக்கிக்கொண்டே போகும். என் மேசைப் பலகை மரத்தூளை அழுத்திச் செய்தது. கிளாம்பை நேரடியாக இறுக்கினால் நசுங்கும். அதனால் மேலும் கீழும் உள்ளங்கை அகல இரும்புத் தகடு வைத்து இறுக்கினேன். மானிட்டரை மாட்டாமல் ஆர்மை இறக்கி வைத்துவிட்டுக் கையை எடுக்காதீர்கள், உள்ளே இருக்கும் கேஸ் ஸ்பிரிங் அதைப் படாரென்று மேலே அடிக்கும். மாட்டிய பிறகு ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். ஒரு விரலால் தள்ளினால் நகர்ந்து, விட்ட இடத்தில் நின்றால் இறுக்கம் சரி. என் உயரத்துக்கும் அப்பாவின் உயரத்துக்கும் ஆர்மின் நடுக்கம்பத்தில் ஆளுக்கொரு நிறத்தில் டேப் ஒட்டிவிட்டேன்.

மற்றவை சின்ன வேலைகள். கீபோர்டின் பின்னால் இருக்கும் குட்டிக் கால்களை மடக்கிவிட்டேன், அவை மணிக்கட்டை மேல்நோக்கி வளைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. நம்பர் பேட் இல்லாத கீபோர்டுக்கு மாறியதில் மவுஸ் 8 செ.மீ. உள்ளே வந்தது, வலது தோளின் பின்பக்கக் குடைச்சல் அதோடு குறைந்தது. மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பியதும் திரையில் வெளிச்சம் அடிப்பது நின்றது. லேப்டாப் இப்போது மூடியபடி ஓரமாகக் கிடக்கிறது, திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்த பொருளில் இரண்டையும் ஒரே நேரத்தில் சரியான உயரத்தில் வைக்க வழியே இல்லை.

அடுத்து, மேசைக்கு அடியில் இழுப்புத் தட்டு ஒன்றைப் பொருத்தி கீபோர்டை அதற்கு மாற்றும் எண்ணம் இருக்கிறது. அப்படிச் செய்தால் நாற்காலியை மறுபடி 43-க்கு இறக்கலாம், கால்பலகை வேண்டாம். தட்டின் அடிப்பக்கத்துக்கும் தொடைக்கும் நடுவே 4 செ.மீ. மிஞ்சும் என்று கணக்கு சொல்கிறது. நாற்காலிக் கைப்பிடி தட்டில் இடிக்குமா என்பதுதான் பார்க்க வேண்டியது. இடித்தால் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். எப்படியும் நாற்காலி இறங்கினால் திரையும் 10 செ.மீ. இறங்கியாக வேண்டும், டேப்பையும் வேறு இடத்தில் ஒட்ட வேண்டும்.