பலம் கதவில் இல்லை, நிலையில்

பாளையங்கோட்டைப் பழைய வீடுகளின் தேக்குக் கதவைத் திருடன் உடைப்பதில்லை. பூட்டின் நாக்கு நுழைகிற நிலையைத்தான் கடப்பாரையால் நெம்புகிறான். அங்கே பெரும்பாலும் மெல்லிய தகடும் முக்கால் அங்குல ஸ்குரூவுமே இருப்பதால், தச்சரை அழைத்துத் தடித்த இரும்புத் தகடு வைத்து, 3 அங்குல ஸ்குரூக்கள் நிலைமரத்துக்குள் ஆழமாக இறங்கும்படி முடுக்கச் சொன்னேன். விலையுயர்ந்த பூட்டு வாங்குவதெல்லாம் இதற்குப் பிறகுதான் என்பது என் கருத்து.

வாசலருகே ஆணியில் கார் சாவியைத் தொங்கவிடும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டோம். கம்பிக்கதவு வழியே ஒரு கொக்கி நீண்டாலே போதும். பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டியென்றால், சாவியைத் தொடாமலேயே அதன் சமிக்ஞையை வெளியிலிருந்து கருவி கொண்டு நீட்டித்து ஓட்டிச் சென்றுவிடுவார்கள். ஆகவே சாவி உள்ளறையில், சமிக்ஞை வெளியேறாதபடி இறுக மூடிய தகர டப்பாவில் (அது உள்ளே இருக்கையில் கார் திறக்கவில்லை என்று சோதித்த பின்பே) இருக்கிறது.

பங்குனி உத்திரத்திற்குச் சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள், பூட்டிய வீட்டின் விவரத்தைக் காவல் நிலையத்தில் சொல்லிவைத்தால், இரவு ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள்.