சீப்பில் வந்த குட்டை முடிகள்

அம்மா வழியில் எங்கள் எல்லோருக்கும் இளநரைதான். எனக்கு முப்பத்தைந்து வயதில் காதோரம் தொடங்கியது. மூன்று வருடம் டை அடித்துக் காலம் தள்ளினேன். 2020 ஊரடங்கில் பார்லர் எல்லாம் மூடிக் கிடந்தபோது வகிட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை இறங்கிவிட்டது. அப்போதுதான் ஈரோட்டு வீட்டின் கொல்லையில் நிற்கும் மருதாணிச் செடி கண்ணில் பட்டது. அதுவரை ஆடி மாதம் பிள்ளைகள் கைக்கு வைப்பதற்கு மட்டும்தான் அதைத் தேடிப் போவோம்.

நிறத்தைப் பொறுத்தவரை முதல் தடவையே எனக்குத் திருப்தி. ஆனால் ஆறு மாதத்தில் இடுப்பு வரை இருந்த பின்னல் நுனியில் துடைப்பம்போல ஆகிவிட்டது. சீப்பை எடுத்தால் விரல் நீளத்துக்குக் குட்டைக் குட்டையாக முடி. “மருதாணி வச்சா முடி வளரும்னு சொன்னாங்க, எனக்குக் கொட்டுதே” என்று எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தேன்.

கொட்டவில்லை, உடைந்துகொண்டிருக்கிறது என்பதே எனக்கு வெகு நாள் தெரியாது. ஒரு நாள் பொறுமையாக உட்கார்ந்து, சீப்பில் வந்ததை வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தேன். வேரோடு உதிர்கிற முடியின் ஒரு முனையில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளி இருக்கும். அது வயசான முடி தானாக விடைபெறுவது. ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை அப்படிப் போவது சாதாரணம்தான். என் தாளில் கிடந்தவற்றில் பாதிக்கு மேல் இரண்டு முனையிலும் புள்ளி இல்லை. நடுவில் அறுந்தவை. (அந்தக் காலத்தில் இந்தச் சிக்கு முடியைச் சேர்த்து வைத்து, தெருவில் வருகிறவரிடம் ஊசி பாசிக்கு மாற்றுவார்கள். என்னுடையதை வாங்க அவர்கூட யோசித்திருப்பார்.)

நான் என்னென்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு குறிப்பு சொன்னார்கள், நான் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டேன். இரும்புச் சட்டியில் மருதாணி, கெட்டி டீ டிக்காஷன், இரண்டு முழு எலுமிச்சை, ஒரு முட்டை வெள்ளைக்கரு. ராத்திரி முழுக்க ஊறல். காலையில் வேர் முதல் நுனி வரை அப்பிக்கொண்டு மின்விசிறிக்கடியில் ஐந்து மணி நேரம். அது காய்ந்து பொருக்குத் தட்டி, தலையைத் திருப்பினால் மடமடவென்று சத்தம் வரும். அப்புறம் வெந்நீர். வெந்நீரில் முட்டை வெந்து முடியோடு ஒட்டிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்று அழுதேன். ஷாம்பூ இரண்டு தடவை, துண்டால் அடித்து உதறல், ஈரத்தோடு சீப்பு. இதை மூன்று வாரத்துக்கு ஒரு முறை செய்தேன்.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும், சிவப்பு வேண்டாம் என்று ‘கருப்பு மருதாணி’ என்று போட்டிருந்த ஒரு பாக்கெட்டை வாங்கினேன். அரை மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று வந்தது. மறுநாள் காது மடல் வீங்கி, தலையெல்லாம் அரிப்பு. தோல் டாக்டரம்மா பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு பாரா ஃபினைலீன் டைஅமீன் என்ற பெயரைக் காட்டினார். டையில் இருக்கிற அதே சரக்கு. “மருதாணிக்குக் கருப்பு நிறமே கிடையாதுங்க. கருப்பா வந்தா அதுல வேற என்னமோ கலந்திருக்குன்னு அர்த்தம்” என்றார். மருதாணியில் உள்ள சாயத்துக்கு லாசோன் என்று பெயர், அது முடியின் கெரட்டின் புரதத்தோடு போய்ப் பிணைந்துகொள்ளும், அதனால்தான் கழுவினாலும் போவதில்லை, அதன் நிறம் செம்மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரைதான் என்றும் சொன்னார். தலை ஆறும் வரை எதையும் போடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். இரண்டு மாதம் வெள்ளைத் தலையோடு அலைந்தேன். ஒன்றும் குறைந்துவிடவில்லை.

முடி உடைவதற்கான காரணத்தைக் கண்டுபிடித்தது டாக்டரல்ல, என் அம்மிச்சி. போனில் நான் செய்வதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “காஞ்ச சேத்துல நாத்தைப் புடுங்குனா வேரோட வருமா, அந்து வருமா கண்ணு?”

நாற்றங்காலில் தண்ணீர் கட்டி, சேறு இளகின பிறகுதான் நாற்றுப் பறிப்பார்கள். நான் தலையில் சேற்றைப் பூசி, காயவிட்டு, அப்படியே பிடுங்கிக்கொண்டிருந்தேன். மருதாணி தலையில் இருந்த ஐந்து மணி நேரத்தில் போனதைவிட, அதை இறக்கிய அரை மணி நேரத்தில்தான் எனக்கு முடி அதிகம் போயிருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒரே நாளில் எல்லாம் சரியாகவில்லை.

முதலில் பொடி. செடியிலிருந்து பறித்து மிக்சியில் அரைத்தால் நார் நாராக நிற்கிறது, முடிக்குள் புகுந்துகொண்டு வர மாட்டேன் என்கிறது. கைக்கு அது போதும், தலைக்குச் சரிவராது. இப்போது ராஜஸ்தானின் சோஜத் பக்கத்து மருதாணிப் பொடிதான் வாங்குகிறேன். வேறு எதுவும் சேர்க்காத, இலை மட்டும் அரைத்த பொடி. அதையும் பழைய மல் வேட்டியில் போட்டுச் சலிப்பேன். நாட்டு மருந்துக் கடைக்காரர் இதற்கு வஸ்திரகாயம் என்று பெயர் சொன்னார். நூறு கிராம் பொடியில் துணியில் தங்கும் திப்பி ஒரு பெரிய கரண்டி தேறும். அத்தனையும் முன்பு என் தலையில் உட்கார்ந்திருந்தது.

அடுத்து எலுமிச்சை. சாயம் இறங்கக் கொஞ்சம் புளிப்பு வேண்டும், உண்மைதான். அதற்காக இரண்டு பழம் பிழிய வேண்டியதில்லை. நான் இப்போது ஒரு நாள் புளிக்கவிட்ட அரிசி களைந்த தண்ணீரில் கரைக்கிறேன். “மாட்டுக்கு ஊத்தறதைத் தலைக்கு ஊத்தறியா?” என்று வீட்டுக்காரர் கேட்டார். மாட்டின் முடி எப்போதாவது உடைந்து பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பேச்சு அதோடு முடிந்தது. முட்டை, டிக்காஷன் இரண்டையும் நிறுத்திவிட்டேன். தயிரும் ஒரு முறை போட்டுப் பார்த்தேன். முடி மெத்தென்று இருந்தது, ஆனால் நிறம் பிடிக்கவில்லை. தயிரின் புரதமே சாயத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது போல. இரும்புச் சட்டி நிறத்தைக் கொஞ்சம் கருமைப்படுத்தும். எனக்கு அது தேவைப்படவில்லை, பீங்கான் கிண்ணத்துக்கு மாறிவிட்டேன்.

ஊறும் நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. எங்கள் ஊர் சித்திரை வெயிலில் மூன்று மணி நேரத்தில் தயாராகிவிடும், மார்கழியில் ராத்திரி முழுக்க வேண்டும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தால் ஆரஞ்சுக் கறை தெரிய வேண்டும், அவ்வளவுதான். தெரிந்தபிறகும் ஊறவிட்டால் சாயம் வீணாகிக்கொண்டே போகும். நிறம் மங்கும், நாம் இன்னும் கூடுதல் நேரம் தலையில் வைப்போம். என் தொல்லைகளில் பாதி அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

தலையில் வைக்கப் போகும்போது செம்பருத்தி இலையைக் கசக்கி எடுத்த கொழகொழப்பை நான்கைந்து கரண்டி சேர்ப்பேன். ஊறவைத்து அரைத்த வெந்தயமும் ஆகும். எனக்கு வெந்தயம் சளி பிடிக்க வைக்கிறது, அதனால் செம்பருத்தி. நிறம் ஒரு பிடி குறையத்தான் செய்யும். ஆனால் அந்த வழுவழுப்புதான் பிற்பாடு சேற்றை இறக்கித் தருகிறது. பதம், தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டி.

முந்தின நாள் எண்ணெய் வைப்பதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடக்கும். வேரில் எண்ணெய் இருந்தால் நரையில் சாயம் ஏறாது. நுனிக்குத்தான் பாதுகாப்பு வேண்டும். ஆகவே வேருக்கு அரப்பு போட்டு அலசிவிட்டு, காய்ந்ததும் காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறேன். அங்கே ஏற்கெனவே பழைய மருதாணி இருக்கிறது. அதன் மேல் மறுபடி மறுபடி பூசினால் அடுக்கடுக்காகச் சேர்ந்து முடி விறைத்துப் போகும், நிறமும் அடர்ந்துகொண்டே போகும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை நுனி வரை பூசியது நான் செய்த இரண்டாவது பெரிய தப்பு. மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் முடி வளர்கிறது. ஐந்து வாரத்துக்கு ஒரு முறை வேருக்கு மட்டும் வைத்தால் போதும். நுனி வரை வைப்பது இப்போது பொங்கலுக்கு ஒரு முறை, ஆடிக்கு ஒரு முறை. நூறு கிராம் பாக்கெட் முன்பு ஒரு தடவைக்கே பத்தாது. இப்போது இரண்டு தடவைக்கு வருகிறது.

பூசி முடித்ததும் பழைய பிளாஸ்டிக் கவரைத் தலையில் மாட்டி, அதன் மேல் துணியைச் சுற்றிவிடுவேன். காய விடுவதே இல்லை. இரண்டரை மணி நேரம், அதற்கு மேல் இல்லை. தலை கனத்து, கழுத்து வலிக்கும். பட்டாணி உரிப்பதற்கு நல்ல நேரம்.

இனி இறக்குவது. குழாயடியில் குனிந்து தேய்ப்பதை விட்டுவிட்டேன். அகலமான பேசினில் தண்ணீர் நிரப்பி, மணையில் உட்கார்ந்து, தலையை அதில் முக்கி, விரலால் வேரை மெதுவாகத் தட்டிக் கொடுத்தால் சேறு தானாகக் கரைந்து இறங்கும். முதல் தண்ணீர் குளத்துச் சேறுபோல இருக்கும். கொட்டிவிட்டு இரண்டாவது, மூன்றாவது. இந்த மூன்றுக்கும் போர் தண்ணீர்தான். பிறகு கை நிறையக் கண்டிஷனரை எடுத்துத் தடவி, விரலாலேயே கோதினால் மிச்சமிருக்கும் துகள் வழுக்கிக்கொண்டு வரும். மருதாணியோடு கண்டிஷனரா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. இருக்கட்டும், என் முடியைக் காப்பாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கடைசி இரண்டு வாளி மட்டும் காவிரித் தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் உப்புத் தண்ணீர். கடைசி அலசலும் அதிலேயே செய்த நாட்களில் முடி எவ்வளவு செய்தாலும் சொரசொரப்பாகத்தான் நின்றது.

அன்றைக்கு ஷாம்பூ கிடையாது, சீயக்காயும் கிடையாது. சென்னிமலைத் துண்டால் ஒற்றி எடுத்து, அப்படியே விரித்துவிட்டு உலர விடுவேன். ஈர முடி இழுபட்டு நீளும், நீண்டு அறும். முக்கால்வாசி காய்ந்தபிறகு அகலப் பல் மரச்சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கு எடுப்பேன். இதற்கு மட்டும் இருபது நிமிடம் ஆகும்.

முதல் இரண்டு நாள் முடி கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும். நரை இருந்த இடம் பளிச்சென்று ஆரஞ்சாக இருக்கும். பயந்து மறுபடி பூசிவிடக் கூடாது. காற்றுப்பட்டு மூன்றாம் நாள் செம்பழுப்பாக இறங்கிவிடும். அன்றைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டால் முரடும் அடங்கும். அதனால் நான் எப்போதும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைக்கிறேன். திங்கட்கிழமை ஆபீசுக்கு மனுஷியாகப் போகலாம்.

கருமை வேண்டுமென்றால் மருதாணிக்குப் பிறகு அவுரி வைக்க வேண்டும். நீலச் சாயம் எடுக்கிற அதே அவுரிதான், திண்டிவனம் பக்கம் பயிரிடுகிறார்கள். அதை மருதாணிபோல ஊறவைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்போடு கரைத்துக் கால் மணி நேரத்தில் தலையில் ஏற்றிவிட வேண்டும், தாமதித்தால் சாயம் செத்துவிடும். நான் இரண்டு முறை முழுத் தலைக்கும் வைத்தேன். நிறம் அருமை, டையைத் தோற்கடித்தது. ஆனால் முடி வைக்கோலாகிவிட்டது, அதைத் தேற்ற ஒரு மாதம் எண்ணெய்க் குளியல் எடுக்க வேண்டியிருந்தது. இப்போது கல்யாணம் காட்சி என்றால் காதோரத்துக்கும் வகிட்டுக்கும் மட்டும்.

புதுப் பாக்கெட் எதுவானாலும் சீப்பில் வந்த முடியை நூலில் கட்டி, கொஞ்சம் பொடி கரைத்து அதில் போட்டுப் பார்ப்பேன். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் காத்திருப்பேன். ஒரு தடவை பட்டதே போதும்.

உடைந்த நுனி எதனாலும் ஒட்டாது. நான்கு விரற்கடை வெட்டினேன், மூன்று மாதம் கழித்து இன்னொரு நான்கு. பின்னல் இப்போது இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது, ஆனால் நுனி வரை ஒரே பருமன். போன வாரம் மறுபடி தாளை விரித்து எண்ணினேன். இருபத்தெட்டு முடி. இருபத்திநான்கில் வெள்ளைப் புள்ளி இருந்தது.

அத்தைக்கு எழுபத்திரண்டு வயது, தலை முழுக்கப் பஞ்சு வெள்ளை. நான் கலக்கும்போதெல்லாம் “எனக்கொரு கரண்டி எடுத்து வை கண்ணு” என்று வந்து நிற்பார். அந்த வெள்ளையில் மருதாணி ஏறினால் பழுத்த மிளகாய் நிறம்தான் வரும், சொல்லிப் பார்த்துவிட்டேன். “வரட்டும், நீ பேசினை எடுத்துட்டு வா” என்றார்.