முதல் பழம்

“முதல் பழத்தை எடுத்துட்டு வாப்பா” என்றார் மண்டிக்காரர். பையன் ஒவ்வொரு கூடையிலும் மேலே இருந்த பெங்களூராவை எடுத்து, கை நிறைய மாம்பழத்தோடு வந்து நின்றான்.

கிருஷ்ணகிரியில் இன்று காலை.

அவன்மேல் தப்பே இல்லை. கேட்டவர் மனதில் மொத்த லாரி. எடுத்தவன் கண்ணில் அந்தந்தக் கூடை.

எக்ஸ்எம்எல் என்பது தரவைக் குறிச்சொற்களுக்குள் அடுக்கிவைக்கும் முறை; அதை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழி எக்ஸ்எஸ்எல்டி. இரண்டு நாளாக என் எக்ஸ்எஸ்எல்டி நிரலும் அந்தப் பையன் செய்ததையேதான் செய்தது. லாரிக்குள் கூடை, கூடைக்குள் பழம் என அடுக்கிய எக்ஸ்எம்எல். (குறிச்சொற்களைத் தமிழிலேயே வைக்கலாம், அதில் எனக்குத் தனி சந்தோஷம்.)

//பழம்[1] என்று கேட்டால் கூடைக்கு ஒன்று வரும். எக்ஸ்எம்எல்லுக்குள் தேடும் மொழியான எக்ஸ்பாத்தில் அந்த [1] தாய் உறுப்புக்குள், அதாவது இங்கே கூடைக்குள், மட்டுமே எண்ணும். 1999-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே அப்படித்தான்.

வீட்டுக்கு ஓடிவந்து (//பழம்)[1] என்று மாற்றினேன்.

ஒரே பழம் வந்தது.